இன்றைய தேதியில் பீரங்கிமேடு

கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது ஜீப்.

வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் அலறியடித்து ஓடியது. சமுதாயக்கூடத்துக்குள் நூறு பேர் எழுந்து நின்றார்கள்.

முக்கால் மணி நேரத் தாமதம். இறங்கும்போதும் அதிகாரியின் காதில் போன்.

மரகதம் கையிலிருந்த துணிப்பையை இறுக்கிக்கொண்டாள்.

இன்றுதான் கடைசி நாள். மாநகராட்சி வார்டுகளைக் கலைத்துப் புதிதாகக் கோடு போட்டாயிற்று. வரைவுப் பட்டியலில் பீரங்கிமேடு இல்லை. வார்டு 37, பகுதி 2. அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபம் ஏறாவிட்டால், அந்தப் பெயர் இனி எந்தத் தாளிலும் வராது.

வந்திருந்த மற்றவர்களுக்கு வருத்தம். அவளுக்குப் பயம்.

வெள்ளம் வந்த வருஷம். மொட்டைமாடியில் மாமியாரும் இரண்டு குழந்தைகளும். போனில் சார்ஜ் இரண்டு சதவீதம். மீட்புக் குழுவிடம் ஒரே ஒரு சொல்தான் சொல்ல முடிந்தது.

பீரங்கிமேடு.

போன் அணைந்தது. படகு வந்தது.

பகுதி 2 என்று சொல்லியிருந்தால்?

"மரகதம், தையல் கடை!"

அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பீரங்கிமேடுங்கிறீங்க. பீரங்கி எங்கம்மா இருக்கு?" அதிகாரி சிரித்தார்.

"அக்கா வாயத் தொறக்கட்டும் சார், தெரியும்!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கூடமே சிரித்தது. அவளும்தான்.

பையைக் கவிழ்த்தாள். கல்யாணப் பத்திரிகைகள். காதுகுத்துப் பத்திரிகைகள். கடைப் பலகையின் போட்டோ. எல்லாவற்றிலும் பீரங்கிமேடு.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பொறுமையாகத்தான் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்களா அடிச்சுக்கிட்டதும்மா. இன்னைக்குத் தேதியில இந்தப் பேர் புழக்கத்துல இருக்குன்னு அரசாங்கத் தாள் ஒண்ணு வேணும். ரேஷன் கார்டு?"

அதில் மெயின் ரோட்டின் பெயர் இருந்தது.

"ஆதார்?"

அதிலும் அதே.

சிரிப்பு அடங்கிவிட்டது.

நான்கு நாற்பது. அவர் ஆட்சேப மனுவைத் தன் பக்கம் இழுத்து, நிராகரிக்கப் பேனாவின் மூடியைத் திருகினார்.

அப்போதுதான் டிரைவர் உள்ளே வந்தார்.

"சார், வண்டி லாக் புக்."

வண்டியின் ஓட்டக் கணக்கு நோட்டு. போன இடத்திலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் டீசலுக்கு அலைய வேண்டும். அதிகாரி நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. வழக்கமான இடத்தில் வழக்கமான கிறுக்கல். பச்சை மை.

நோட்டு மனுவின் மேலேயே விரிந்து கிடந்தது.

எதிரே நின்றபடி அளவு நோட்டைப் படித்துப் பழகிய கண்கள் அவளுக்கு. எழுத்து தலைகீழாக இருந்தால் என்ன?

இன்றைய தேதி. வண்டி எண். சென்ற இடம்: பீரங்கிமேடு.

பக்கத்திலேயே, ஈரம் காயாத பச்சைக் கையெழுத்து.

அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

அதிகாரி குனிந்து படித்தார். டிரைவர் பக்கம் திரும்பினார்.

"வார்டு முப்பத்தேழுன்னுதானேய்யா எழுதணும்? இதை யார் எழுதச் சொன்னா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க போன்ல இருந்தீங்க சார். வார்டு முப்பத்தேழு எங்கேன்னு ஆறு பேர்கிட்ட கேட்டேன், முக்கா மணி நேரம் சுத்த விட்டாங்க. ஏழாவது ஆளு, பீரங்கிமேட்டுக் கூட்டத்துக்கான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட தப்பா வழி சொல்லல."