கதவுக்குத் தெரியாத நடை

காலை ஓட்டத்தை முடித்து வியர்வை சொட்ட வந்து நின்ற அமலியை அவள் வீட்டுக் கதவே உள்ளே விடவில்லை. நடையை வைத்து ஆளை அடையாளம் காணும் கதவு அது. ஹரீஷைப் பிரிந்து அவள் தனியாக இங்கே குடிவந்த அன்று பதிந்துகொண்ட நடைதான் அதற்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக மாறிவந்த அவள் நடை இன்றுதான் அதன் கணக்கை மீறியிருந்தது.

"நடை பொருந்தவில்லை. பழையபடி நடந்து காட்டவும்."

எதிர்வீட்டுச் செண்பகா அக்கா காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தாள். "அப்பெல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டு, காலை இழுத்து இழுத்து வருவே கண்ணு. அப்படி நட."

அமலி தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள். கதவு அசையவில்லை.

"இன்னுங் கொஞ்சம் சோகமா!"

ஹரீஷை நினைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓடப்போகும் பத்து கிலோமீட்டர்தான் நினைவில் வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. காபி சிந்தச் சிந்த அக்காவும் சிரித்தாள்.

மூன்றாம் முறையும் பொருந்தாமல் போகவே கதவு இறங்கிவந்தது. "எதிர்வீட்டார் சாட்சி சொன்னால் புதியவராகப் பதிகிறேன். முன்பு குடியிருந்தவரை நீக்கிவிடலாமா?"

அமலி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நீக்கிரு சாமி. அந்தப் புள்ள காலி பண்ணிட்டுப் போயி மாசக்கணக்காச்சு."