கட்டம் கட்டமாய் ஒரு படம்

பேச்சித்தாய் வீட்டுப் புது மாதிரி டிவிக்குப் பாதிப் படம்தான் வரும். விளையாட்டுப் போட்டி என்றால், ஆட்டக்காரர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஊகித்து, மீதியை அதுவே வரைந்துகொள்ளும். ஊகம் தவறுவதேயில்லை. மனிதர்கள் அவ்வளவுதான்.

கபடி இறுதிப் போட்டியில் அவள் மகள் முப்பிடாதி கடைசி ரெய்டு போனாள். நான்கு பேர் சுற்றி வளைத்தார்கள். சட்டென்று திரை முழுக்கக் கட்டம் கட்டமாய் உடைந்தது.

"சனியன், இப்பவா கெட்டுப் போவணும்?" என்று கணவர் டிவியைத் தட்டினார்.

"கெடலங்க!" பேச்சித்தாய் எழுந்து நின்று, போனில் அந்தத் திரையைப் படமெடுத்தாள். "யாருமே ஆடாத ஒண்ண எம்மவ ஆடிட்டா. அதான் இதுக்கு வரையத் தெரியல."

படம் திரும்பியபோது முப்பிடாதியைத் தோளில் தூக்கியிருந்தார்கள்.

மறுநாள் மைதானத்துக் கண்காணிப்புக் கேமராவின் பதிவை மகள் அனுப்பினாள். அது பழைய முறை. நடந்ததை நடந்தபடியே காட்டும். நால்வர் தலைக்கு மேலாக அவள் தாவியதை வீடே திரும்பத் திரும்பப் பார்த்தது.

ஆனால் பேச்சித்தாய் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தக் கட்டங்களைத்தான். இது என்ன படம் என்று யாராவது கேட்டால், "எம்மவ" என்பாள்.