முன்னால் பூசியவன்

“எந்தப் படுபாவிம்மா இந்தச் சுவரைப் பூசினான்?”

மாடிக் குளியலறைச் சுவரை மேஸ்திரி கரண்டிக் காம்பால் தட்டினார். காலி டப்பாவைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. லேசாக நெம்பியதும் பூச்சு பாளம் பாளமாகக் கீழே விழுந்தது.

ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கும் ஒன்பது பழைய வீடுகளில் இது நடுவீடு. இருபது வருஷம் மெஷின் மிதித்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, தையல்காரம்மா போன வருஷம் இதை வாங்கியிருந்தாள். கீழே கடை, மாடி வாடகைக்கு என்று திட்டம். வந்த குடித்தனம் ஒரே மாதத்தில் ஓடிவிட்டது.

“செங்கல்லை நனைக்கவே இல்ல. சிமெண்ட்டைக் கண்ணுல காட்டிட்டு மணலை அள்ளி அப்பியிருக்கான். பூசினதுக்கப்புறம் ஒரு வாளி தண்ணி கூட அடிச்சிருக்க மாட்டான்!”

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அவர் கரண்டியை நனைப்பார்.

உடைந்த இடத்தில் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. திட்டுவதை நிறுத்தாமலே மேஸ்திரி மேல்தட்டுக்குப் பின்னால் கையை விட்டு வால்வைத் திருகினார். தண்ணீர் நின்றது, வாய் நிற்கவில்லை.

“அறிவு கெட்டவன்! இந்த ஓதம் அடுத்த ரூம் வரைக்கும் ஏறியிருக்குமே!”

“ஏறிச்சு. அங்க பூச்சு பேந்து விழுந்தப்ப, ரெண்டு சாண் தள்ளித்தான் தொட்டில் இருந்துச்சு. உள்ள குடியிருந்தவங்க பிள்ளை தூங்கிட்டிருந்துச்சு மேஸ்திரி.”

“அவன் மனுஷனே இல்லம்மா. கையில கெடைச்சான்னா சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து இங்கேயே நிறுத்துவேன்!”

“நிறுத்தி?”

“மொத்தத்தையும் கொத்திட்டு, மறுபடி ஒழுங்கா பூசுடான்னு சொல்வேன்.”

“அதுக்குக் கூலி கேட்டா?”

“கூலியா? செஞ்ச பாவத்துக்குக் கூலி வேறயா? சல்லிக்காசு குடுக்காதீங்க. நான் சொல்றேன்!”

தையல்காரம்மா தலையாட்டினாள். தன் அளவு நோட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தாள்.

“வீட்டை வித்தவரு சாவியோட இதையும் குடுத்தாரு. இந்தச் சுவரைப் பூசி முடிச்ச அன்னைக்கு எடுத்ததாம். பூசினவன் கரண்டியும் கையுமா இதுல நிக்கிறான்.”

“குடுங்க இப்படி! எந்தப் பயன்னு பாக்கிறேன்.”

மேஸ்திரி வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். அவர் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

“உங்க சட்டையை நீங்களே புடிச்சுக்குங்க மேஸ்திரி.”