குறைந்தது ஒரு பயணி

ஸுன்னிவா தன் மின்சாரக் காரின் சார்ஜிங் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு எய்லெர்ட் ஊன்றுகோல் இரண்டையும் பனியில் குத்திக் குத்தி வந்து சேர்ந்தார்.

எழுபத்து நான்கு வயது. இடுப்பில் அறுவை சிகிச்சை. ஓஸ்லோ நகரப் பயிற்சி நிலையத்தில் பகலெல்லாம் நடைப் பயிற்சி. காலையில் ஸுன்னிவா வேலைக்குப் போகும்போது இறக்கிவிடுவாள். மாலையில் அவளே கூட்டி வருவாள்.

டீசல் கார்க் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரி தூருனுக்கு வயிறு எரிந்தது.

"வரியில்லாம கார் வாங்கியாச்சு. சுங்கச்சாவடியிலயும் சலுகை. இப்ப பஸ் தடத்துல பறக்க ஒரு கிழவரையும் பிடிச்சாச்சா?"

நெரிசல் நேரத்தில் பஸ் தடத்தில் மின்சாரக் கார் போகலாம். ஆனால், ஓட்டுபவரோடு குறைந்தது ஒரு பயணி இருக்க வேண்டும். சாலையோரப் பலகை அப்படித்தான் சொன்னது.

"ஆமா, நான்தான் இவளோட டிக்கெட்" என்றார் எய்லெர்ட் பெருமையாக. "நான் இல்லேன்னா, பாவம், உன் காருக்குப் பின்னாடி புகை குடிச்சிக்கிட்டு நிக்கணும்."

ஸுன்னிவா சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டாள்.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் வாஃபிளைக் கடித்தபடி தூருன் சொன்னாள்: "உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி அவரை ஏத்திக்கிட்டுப் போறா. எல்லாம் தன் வசதிக்கு."

பிப்ரவரியில் ஒரு காலை. நெரிசலில் நின்றிருந்த தூருன் நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் அந்த 'ஒரு பயணி' வரியைக் காணோம். பஸ் தடத்தில் தனி ஆளாகவே பலர் மின்சாரக் காரில் போனார்கள். ஸுன்னிவாவின் காரில் மட்டும் வழக்கம்போல் இரண்டு தலைகள்.

அன்று மாலை தூருன் சார்ஜர் அருகே ஸுன்னிவாவைப் பிடித்தாள்.

"இனி நீ தனியாவே போகலாமே. அவர் எதுக்கு?"

"மெதுவாப் பேசுங்க. அவர் காதுல விழுந்துடப் போகுது" என்றாள் ஸுன்னிவா. "ஆஸ்பத்திரி டாக்ஸி வேணாம்னுட்டார். மகன் கூட்டிட்டுப் போறேன்னதுக்கு, 'யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்'னுட்டார். பயிற்சிக்கே போகாம கட்டில்ல கிடந்தார். 'எனக்கு ஒரு பயணி வேணும்'னு நான் கெஞ்சின பிறகுதான் எழுந்து வந்தார். விஷயம் தெரிஞ்சா நாளைக்கே நின்னுடுவார். இன்னும் ஆறு வாரம் பாக்கி. நடுவுல விட்டா கடைசிவரைக்கும் ஊன்றுகோல்தானாம்."



மறுநாள் காலை எய்லெர்ட் வந்ததும் தூருன் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"என்ன ஸுன்னிவா, டிக்கெட் வந்தாச்சா?"

ஆறு வாரமும் ஒரு நாள் தவறாமல் கேட்டாள்.

ஏப்ரலில் பனி உருகிய ஒரு காலை. எய்லெர்ட் படியிறங்கினார். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள். ஊன்றுகோல் இல்லை. கார் நிறுத்துமிடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பியும் நடந்தார். ஸுன்னிவா கையிலிருந்த வயரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். மாடிகளிலிருந்தும் கைதட்டல் கேட்டது.

தூருன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடாமல் சீண்டினாள். "இனிமே ரயில்லயே போயிடுவீங்க. ஸுன்னிவா டிக்கெட்டுக்கு எங்கே போவா?"

எய்லெர்ட் அவள் காதருகே குனிந்தார்.

"பலகை மாறின அன்னிக்கே பார்த்துட்டேன். ஆபரேஷன் இடுப்புலதானே, கண்ணுல இல்லையே? நடக்கணும்னு ஆசை, வாயை மூடிக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாதே, சங்கடப்படுவா."