கப்பலில் குறட்டை விட்டவர்

"உங்கப்பா கப்பல் புத்தகத்துல ஒரு குண்டு ஆளைப் பத்தி எழுதியிருக்காருல்ல? அது எங்கத்தா. ஒருதடவ கிள்ளானுக்கு வந்துட்டுப் போங்க."

போனில் கௌஸ் என்பவர் அவ்வளவுதான் சொன்னார். கௌசல்யா அன்றைக்கே கிள்ளானுக்குக் கிளம்பினாள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்த கூத்தை அவள் அப்பா எழுத, ஊரே சிரித்துச் சிரித்துப் படித்த காலம் ஒன்று உண்டு. அப்பா போனபின் புத்தகமும் எங்கும் கிடைக்கவில்லை. இப்போதுதான் அவளே மறுபதிப்புப் போட்டு, போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் வெளியிட்டாள். அதற்குள் இப்படியொரு வம்பா? இதனால் அப்பா பெயர் கெட்டால் அவள் தாங்கமாட்டாள்.

கௌஸின் அப்பாவாம் அந்தக் குண்டு ஆள்; அவரை மறக்க முடியுமா? கப்பலே தலைசுற்றிப் படுத்துக் கிடக்க, அவர் மட்டும் எல்லாருடைய சாப்பாட்டையும் காலி செய்வார். ராத்திரி அவர் விடும் குறட்டையைக் கப்பல் எஞ்சின் என்றே அப்பா நம்பியிருந்தாராம். ஒருநாள் அது சட்டென்று நிற்கவும், கப்பல் நின்றுவிட்டதென்று அலறிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினாராம். சின்ன வயதில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, கௌசல்யாவும் உருண்டு உருண்டு சிரித்தவள்தான். அதை நினைத்தால் இப்போது கூசியது.

கௌஸின் சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

கௌசல்யா வந்ததும் வராததுமாக மன்னிப்புக் கேட்டாள். அது அந்தக் காலத்து எழுத்து, அப்பாவுக்கு யார் மேலும் வன்மம் கிடையாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நீங்க கவலைப்படாதீங்கண்ணே. யாரு மனசும் நோகக்கூடாதுன்னு புதுப் பதிப்புல அந்த அத்தியாயத்தையே எடுத்துட்டேன் லா. இனிமே யாரும் உங்கத்தாவை நினைச்சுச் சிரிக்க மாட்டாங்க."

கௌஸ் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"அதுக்குத்தாம்மா கூப்பிட்டேன். பழைய புத்தகம் வெள்ளத்துல போயிருச்சு. புதுசு வந்திருக்குன்னு ஓடிப்போய் வாங்கினா, அத்தாவைக் காணோம்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் அம்மா வயித்துல இருக்கையிலேயே அத்தா மௌத்தாயிட்டாங்க, ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கத்தாவை நான் பார்த்ததே உங்கப்பா புத்தகத்துலதாம்மா."