முதல் பெஞ்சு சந்தாதாரர்

"அக்கா! ஐரின் ஆன்ட்டி காசு கட்டிப் படிக்கிறாங்க!"

டிரேவர் குதித்த குதியில் சோபா முனகியது. நிக்கோல் நம்பவில்லை.

"எந்த ஐரின்? முதல் பெஞ்சு ஐரினா?"

"அவங்களேதான். பேரைப் பாரு."

விஷயம் இதுதான். காக்ஸ் டவுன் கோயிலில் ஃபாதர் ரெமிஜியஸ் வைக்கும் பிரசங்கத்தை வெளியே பைக் மேல் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டு, சுருக்கி, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மெயிலில் அனுப்புவது டிரேவரின் தொழில். நியூஸ்லெட்டரின் பெயர் 'கடைசி பெஞ்சு'. இலவசம் என்றால் மூன்று வரி. சந்தா கட்டினால் முழுச் சுருக்கம். கூடவே 'வீட்டில் கேட்டால் சொல்ல வேண்டியவை'. அதாவது, ஃபாதர் எந்த இடத்தில் இருமினார், மைக் எப்போது கீச்சிட்டது, யார் குழந்தை வீறிட்டது. பூசைக்கு டிமிக்கி கொடுப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனாலும் வியாபாரம் படுத்திருந்தது. ஓசியில் படிக்க ஊரே இருந்தது. சந்தா கட்டியவர்கள் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குள் ஒரு பஸ்ஸாவது நிரம்பாவிட்டால் கடையை மூடிவிட்டு கெமிஸ்ட்ரி டியூஷனுக்குப் போ என்று அம்மா ஆஞ்சலா கெடு வைத்திருந்தாள்.

ஐரின் ஆன்ட்டியோ ஒரு பூசையும் தவறவிடாதவர். முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஃபாதர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். பூசை முடிந்ததும் நேரே வீட்டு வாசலுக்கு வந்து டிரேவரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுவார்.

டிரேவர் மூக்கால் பேசினான். அச்சு அசல் ஐரின் குரல். "'ஆஞ்சலா, சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன்மா, உன் மவன் இன்னைக்கும் உள்ளே வரலை...' உள்ளேயே உட்கார்ந்து கேக்கிறவங்க எதுக்குக் காசு குடுத்துப் படிக்கணும்? கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குறாங்க! மாட்டினாங்க!"

"ஸ்வல்ப, கொஞ்சம் அடங்குடா. பாவம், விடு."

"விடறதா? இதான் நமக்கு விளம்பரம். முதல் பெஞ்சே 'கடைசி பெஞ்சு' படிக்குதுன்னு தெரிஞ்சா எல்லாரும் கட்டுவாங்க பாரு!"

அந்த ஞாயிறு சந்தாதாரர்கள் எல்லோருக்கும் ஒரே மெயில்தான் போனது. ஐரினை ஊரறிய மாட்டிவிட, அவருக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: 'அடுத்த பூசைக்கு ஆளுக்கொரு தேங்காய் கொண்டு வரச் சொன்னார் ஃபாதர்.'

மறு ஞாயிறு வேடிக்கை பார்க்க டிரேவர் கோயிலுக்குள்ளேயே போய் உட்கார்ந்தான்.

ஐரின் ஆன்ட்டி வந்தார். ஒரு கையில் ஜெபமாலை. இன்னொரு கையில் குடுமியோடு தேங்காய்.

"ஆன்ட்டி, கோயில் மாறி வந்துட்டீங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு. ஆன்ட்டி திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து அக்கம்பக்கம் பார்த்தார். யார் கையிலும் தேங்காய் இல்லை. எல்லாப் பல்லும் வெளியே தெரிந்தது. அவர் மெதுவாகத் தேங்காயை முந்தானையால் மூடினார்.

டிரேவருக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

ஃபாதர் மைக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த குடுமியைப் பார்த்தார். பைக்கை விட்டு உள்ளே வந்திருந்த டிரேவரையும் பார்த்தார்.

"ஐரின் அம்மா தேங்காய் கொண்டு வந்திருக்காங்க. மத்தவங்க தேங்காய் எங்கே?"

சிரிப்பு கப்பென்று நின்றது. போன வாரம் ஃபாதர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் தைரியமில்லை.

"வாங்கி வச்சேன் ஃபாதர், வீட்லயே விட்டுட்டேன்," என்றார் சிரித்தவர்களில் ஒருவர்.

"அடுத்த வாரம் ரெண்டா கொண்டு வர்றேன் ஃபாதர்!" என்று எழுந்தே நின்றாள் ஆஞ்சலா.

"சந்தோஷம். முதியோர் இல்லத்துச் சமையலுக்கு ஆகும்." ஃபாதர் ஐரினைப் பார்த்துக் கும்பிட்டார். ஆன்ட்டி முந்தானையை விலக்கி, தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் டிரேவரின் போன் ஓயவில்லை. கோயிலுக்குள் இருந்தவர்களே அடித்துப் பிடித்துச் சந்தா கட்டினார்கள். பஸ் நிரம்பிப் படியிலும் ஆள் தொங்கியது. ஒரே ஆட்டோவில் அடங்கிய பழைய சந்தாதாரர்கள் மட்டும், 'தேங்காய் மேட்டரை ஏன்டா விட்டே?' என்று காய்ச்சி எடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் தேங்காய் மலை.

"டிரேவர், இங்கே வாப்பா," ஃபாதர் கூப்பிட்டார். "ஐரின் அம்மா போனைப் பார்த்தேன். யாருக்கும் வராத தேங்காய் அவங்க மெயில்ல மட்டும் எப்படிப்பா காய்ச்சுது?"

இந்த முறை டிரேவர் தன் சொந்தக் குரலிலேயே இழுத்தான்.

"அவங்க... பிரசங்கத்துல தூங்குறாங்க ஃபாதர். காசு கட்டிப் படிக்கிறாங்களே, அதான்..."

"தூங்கலை. ரெண்டு காதும் கேக்காது. மெஷின் வச்சா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு கூச்சம். நான் வாயசைக்கிறப்ப தலையாட்டிட்டு, வீட்டுக்குப் போய் உன்னோடதைப் படிச்சுத்தான் நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சுக்கிறாங்க."

"அவங்க சொன்னாங்களா ஃபாதர்?"

ஃபாதர் தேங்காய்த் துருவியை அவன் கையில் வைத்தார்.

"அவங்க பேர்ல அந்தச் சந்தாவைக் கட்டினதே நான்தான்டா. உட்காரு, துருவு."