ஜாடிக்குள் ஒரு நத்தை

"யார் இதைப் பிரிச்சது?"

சயின்ஸ் மிஸ் ஒரு கண்ணாடி ஜாடியை வகுப்புக்கே தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் பிய்ந்து தொங்கியது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடும் என்பதுபோல இருப்பவள். வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர்.

"நான்தான் மிஸ். நேத்து சாயங்காலம்."

"உன் ஜாடியை நீயே பிரிச்சியா?"

"ஆமா மிஸ்."

மிஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி திறந்ததுமே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஜாடியில் ஈரமண், ஒரு செடி, பள்ளித் தோட்டத்தில் பொறுக்கிய குட்டி நத்தை என்று போட்டு இறுக மூடியிருந்தார்கள். செடி விடும் மூச்சு நத்தைக்கு, நத்தை விடும் மூச்சு செடிக்கு. உதிர்ந்த இலையும் நத்தையின் கழிவும் மட்கி மறுபடி செடிக்கே உரம். வெளிச்சத்தைத் தவிர வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, யாரும் திறக்கக் கூடாது.

பாதிப்பேர் ஜாடி அழுகிக் கறுத்துவிட்டது. இவளுடையது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. பள்ளிகளுக்கிடையிலான கண்காட்சிக்கு அதைத்தான் அனுப்புவதாக முடிவாகியிருந்தது. அதைச் சொன்ன அன்று இந்த ஊமைக்கோட்டான் வாய்விட்டுச் சிரித்ததை மிஸ்ஸே பார்த்தாள்.

ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மிஸ்.

"நத்தை எங்கே?"

மிஸ்ஸே பதிலையும் சொன்னாள்.

"செத்துப்போச்சு. சத்தமில்லாம தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணை வைக்கலாம்னு பார்த்தே. அதுக்குள்ள மாட்டிக்கிட்டே. அப்படித்தானே?"

அவள் சுற்றியிருந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"ஒரு ஜாடியில ஏமாத்துறவ நாளைக்கு எதுலதான் ஏமாத்த மாட்டா? உன் ஜாடி கண்காட்சிக்குப் போகாது. உட்காரு."

உட்கார்ந்தாள். கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கக்கூட இல்லை. மிஸ்ஸுக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இதற்கெல்லாம் இளகினால் மற்றதுகள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுமே.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தலைமையாசிரியரும், அவர் பின்னால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரிகளும்.

மிஸ் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தன் மேஜைமேல் இருந்த பெரிய ஜாடியைக் காட்டினாள். அது அவளே மூடி வைத்தது, அவளுடைய செல்லப்பிள்ளை.

"போன வருஷம் மூடினது சார். அன்னையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ளே போகல. அதே செடி, அதே நத்தை."

கண்ணாடியை ஒட்டி நத்தை நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"அட, ஜம்முனு இருக்கே!" என்றார் ஓர் அதிகாரி. தலைமையாசிரியர், உள்ளே ஊர்வது தாம்தான் என்பதுபோலப் பூரித்துப்போனார்.

அவர்கள் போனார்கள். மணி அடித்தது. வகுப்பு காலியானது. ஊமைக்கோட்டான் மட்டும் மேஜையருகே வந்து நின்றாள்.

"என்ன? மன்னிப்புக் கேட்டா மனசு மாறிடுவேன்னு நினைக்காதே."

"அதில்ல மிஸ். அவங்க எல்லாரும் போயிட்டாங்கல்ல?"

"போயிட்டாங்க. அதுக்கென்ன இப்போ?"

அவள் பெரிய ஜாடியைக் கைகாட்டினாள். குரல் ஏறக்குறைய ரகசியம்போல வந்தது.

"நேத்து மேஜை துடைக்கிறப்ப பார்த்தேன் மிஸ். உங்க நத்தை செத்துக் கிடந்துச்சு. அதை உள்ளயே மண்ணுல புதைச்சுட்டேன், செடிக்கு உரமாகும்ல."

மிஸ் குனிந்து பார்த்தாள். காலையில் பிள்ளைகளின் ஜாடிகளை ஒன்றுவிடாமல் சோதித்தவள், தன் ஜாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூடியைச் சுற்றிப் புத்தம்புது டேப்.

"இப்ப என் நத்தையை எடுத்துக்கட்டுமா மிஸ்?"